அரசு யாருக்கு ஜாமீன் நின்றது?

கேள்வி: ஐயா, வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சின்னத் தையல்கூடம் நடத்துகிறோம். ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள். அரசுக்குச் சொந்தமான ஒரு பெரிய நிறுவனத்துக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்துவந்தோம். எங்களுக்கு 4 லட்சம் ரேண்ட் பாக்கி இருக்கும்போது அந்த நிறுவனம் பிசினஸ் ரெஸ்க்யூவுக்கு, அதாவது நொடித்த நிறுவனத்தை ஒரு நிர்வாகி மீட்கப் பார்க்கும் சட்ட நடைமுறைக்கு, போய்விட்டது. அரசு பெரிய தொகை கொடுத்துக் காப்பாற்றிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். சரி, நம் பணமும் வந்துவிடும் என்று இருந்தோம். இப்போது வந்த கடிதம் ரேண்டுக்கு 8 சென்ட்தான் தருவோம் என்கிறது. எல்லாம் யூனியன்காரர்கள் வாயில் போய்விட்டது என்கிறார் என் கொழுந்தனார். பணக்காரர்களுக்குத்தான் போயிருக்கும் என்கிறாள் யுனிவர்சிட்டியில் படிக்கும் மகள். யார் சொல்வது சரி? மீதிப் பணத்துக்கு வழக்குப் போடலாமா? அதே நிறுவனம் புது ஆர்டர் தருகிறேன் என்று கூப்பிடுகிறது, எடுக்கலாமா? துணி கொடுத்த மொத்த வியாபாரிக்கு நாங்கள் தரவேண்டியது வேறு கழுத்தை நெரிக்கிறது.
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

வழக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்காக நீங்கள் ஒரு வக்கீலிடம் பணம் கட்டிவிடக் கூடாது. ரெஸ்க்யூ திட்டத்தைக் கடன் கொடுத்தவர்கள் ஓட்டுப் போட்டு ஏற்று, அது நடைமுறைக்கும் வந்துவிட்டால், அந்தத் திட்டம் சொல்வதற்கு மேல் பழைய பாக்கியை யாரும் கேட்க முடியாது. 2008-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 154-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. திட்டத்தில் 8 சென்ட் என்றால் 8 சென்ட்தான். நீங்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தாலும், கூட்டத்துக்கே போகாமல் இருந்திருந்தாலும் இதே கதைதான். எனக்கும் இது அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இருக்கும் சட்டம் இது. வக்கீல் செலவு வேண்டாம்.

இனி, பணம் எங்கே போனது என்ற கேள்வி. அதற்குப் பொறுமையாகவே பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் நிறுவனத்தின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, எனக்கும் தேவையில்லை. கணக்கு வழக்கு எல்லாம் பொதுவெளிக்கு வந்துவிட்ட ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம்: சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ். 2011-க்குப் பிறகு அந்த விமான நிறுவனத்துக்கு வருடா வருடம் நஷ்டம். ஒவ்வொரு முறை தடுமாறியபோதும் அரசு பணமாகவோ உத்தரவாதமாகவோ முட்டுக் கொடுத்தது. கடைசியில் 2019 டிசம்பர் 5-ஆம் தேதி பிசினஸ் ரெஸ்க்யூவுக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த இரண்டு தொகைகளை மட்டும் பாருங்கள்.

முதல் தொகை 2020 பிப்ரவரி பட்ஜெட்டில் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 1,640 கோடி ரேண்ட், அதாவது இங்கே செய்தித்தாள்கள் எழுதும் கணக்கில் 16.4 பில்லியன். இது விமானம் ஓட்டுவதற்கான பணமில்லை. அரசு உத்தரவாதம் கொடுத்திருந்த பழைய கடனையும் அதன் வட்டியையும் அடைப்பதற்கான பணம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஒதுக்கப்பட்டு, கடன் கொடுத்த வங்கிகளிடம் போய்ச் சேர வேண்டிய தொகை அது.

இரண்டாவது தொகை அதே ஆண்டு அக்டோபரில். அப்போதைய நிதியமைச்சர் டிட்டோ ம்போவேனி 1,050 கோடி ரேண்ட் ஒதுக்கினார். ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்க வேண்டிய தொகை, பயணிகள் வாங்கிவிட்டுப் பறக்க முடியாமல் போன டிக்கெட்டுகளின் பொறுப்பு, விமானங்களை வாடகைக்கு விட்டவர்களின் பாக்கி, மறுபடி விமானத்தை ஓட்டத் தேவையான முதல் என்று அது பிரிந்தது. ஈடு எதுவும் வாங்காமல், வெறும் இன்வாய்ஸை நம்பிச் சரக்கும் வேலையும் கொடுத்தவர்கள் இருந்தார்களே, அவர்களுக்குத் திட்டத்தில் எழுதப்பட்டது ரேண்டுக்கு ஏழரை சென்ட். அதுவும் ஒரே தடவையில் இல்லை, தவணையில். உங்களுக்கு வந்த 8 சென்ட் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இந்த எண்தான் ஞாபகத்துக்கு வந்தது.

வங்கியும் சரி, சப்ளையரும் சரி, ஒரே நிறுவனத்துக்குத்தான் கடன் கொடுத்தார்கள். ஒருவர் பணமாகக் கொடுத்தார், இன்னொருவர் சரக்காகக் கொடுத்தார். நிறுவனம் ஒரே நாளில்தான் இருவர் முன்பும் கையை விரித்தது. ஒருவருக்கு முழு ரேண்ட், இன்னொருவருக்கு ஏழரை சென்ட். என்ன வித்தியாசம்? ஒரு காகிதம்தான். பொது நிதி மேலாண்மைச் சட்டத்தின் 70-ஆம் பிரிவின்படி, நிதியமைச்சரின் ஒப்புதலோடு அரசு ஒரு கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கலாம். அந்த உத்தரவாதம் ஒரு குறிப்பிட்ட கடனுக்கு, அதைக் கொடுத்தவருக்கு எழுதப்படுவது. நிறுவனத்தோடு வியாபாரம் செய்யும் எல்லோருக்கும் எழுதப்படுவது அல்ல.

தம்பி வங்கியில் வாங்கிய கடனுக்கு அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். தம்பி நொடித்துப்போனால் அண்ணன் வங்கிக்குத்தான் கட்டுவார். 'பெரிய குடும்பம், அண்ணன் இருக்கிறார்' என்று நம்பித் தம்பிக்குக் கடனாக அரிசி பருப்பு கொடுத்த மளிகைக்காரருக்கு அந்தக் கையெழுத்தால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. 'அரசு நிறுவனம்தானே, பணம் எங்கே போய்விடும்' என்று நீங்களும், உங்களைப் போல இந்த ஊரில் எத்தனையோ பேரும் நினைத்து ஏமாந்தது இந்த இடத்தில்தான். அரசு பின்னால் நின்றது உண்மை. அது வங்கிக்குப் பின்னால் நின்றது.

இதில் எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. உங்கள் தையல்கூடத்துக்குக் கடன் கேட்டுப் போனபோது வங்கி என்னவெல்லாம் கேட்டிருக்கும்? மூன்று வருடக் கணக்கு, வீட்டுப் பத்திரம், உங்கள் இருவரின் சொந்த ஜாமீன் கையெழுத்து. தவறினால் வீடு போய்விடும் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். வருடா வருடம் நஷ்டம் காட்டிய ஒரு நிறுவனத்துக்கு அதே வங்கிகள் கோடிக் கணக்கில் கொடுத்தது, அந்த நிறுவனம் பிழைத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு அல்ல. பிழைக்காவிட்டாலும் கருவூலம் கட்டும் என்ற நம்பிக்கையில். அப்படிப்பட்ட கடனுக்கும் வட்டி உண்டு. ஆபத்தைச் சுமப்பதற்காகத்தான் வட்டி வாங்குகிறோம் என்று சொல்பவர்கள், ஆபத்து வந்த நாளில் அதை வரி கட்டுபவரிடம் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சரி, கொழுந்தனார் சொல்வதற்கு வருவோம். ஊழியர்களுக்குப் பணம் போனது உண்மைதான், அந்த அளவுக்கு அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் என்ன பணம் அது? விமான நிறுவனத்தில் ரெஸ்க்யூவுக்கு முன்னால் சுமார் 4,700 பேர் இருந்தார்கள். கடைசியில் மிஞ்சியது ஆயிரம் பேர் அளவில்தான். 2020-இல் பல மாதங்கள் சம்பளமே இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போனவர்கள் மற்றவர்கள். டெக்னீஷியனாக, கேபின் ஊழியராக வாழ்க்கையைக் கழித்தவர் ஐம்பது வயதில் ஒரு செக்கோடு வெளியே வருவதை 'சாப்பிட்டுவிட்டார்கள்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யூனியன் கூச்சல் போட்டதால்தான் அந்த அளவாவது கிடைத்தது. சின்ன சப்ளையர்களுக்குக் கூச்சல் போட ஒரு சங்கமே இல்லை என்பதுதான் நம் பக்கத்துக் குறை. இதைக் கொழுந்தனாரிடம் சொல்லிப் பாருங்கள்.

மகள் சொல்வது அதைவிடக் கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனாலும் முழுசாகச் சரியில்லை. இங்கே பங்குதாரர் அரசேதான், கோடீஸ்வர முதலாளி யாரும் இல்லை. கடன் கொடுத்தவர்கள் வங்கிகள், கடன் பத்திரம் வாங்கிய நிதியங்கள். அந்த நிதியங்களுக்குள்ளே போய்ப் பார்த்தால் நம் பென்ஷன் பணமும் இருக்கும். அரசு மின்சார நிறுவனமான எஸ்காமின் பத்திரங்களை நிறைய வைத்திருப்பவர்களில் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியமும் ஒன்று. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் மாதப் பென்ஷனில் எஸ்காம் கட்டிய வட்டியும் கலந்திருக்கிறது. ஆகவே 'பணக்காரர்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது.

ஆனால் மகள் கவனிக்க வேண்டிய வேறொரு கூட்டம் இருக்கிறது. நிறுவனம் விழுவதற்கு முன்னால், முட்டுக் கொடுத்து முட்டுக் கொடுத்து ஓட்டிய அந்த வருடங்களில் காண்ட்ராக்ட் வாங்கித் தின்றவர்கள். அரசு நிறுவனங்களில் நடந்த ஊழலை விசாரித்த சோண்டோ ஆணையம் 2022 ஜனவரியில் வெளியிட்ட முதல் அறிக்கையில் ஒரு பகுதி இந்த விமான நிறுவனத்தைப் பற்றியதுதான். நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு வருடமும் புதுப் பணம் வரும்போது, திருடுபவருக்கும் ஒவ்வொரு வருடமும் புதுப் பணம் வருகிறது. ரெஸ்க்யூ தொடங்கும்போது அவர்கள் பாக்கி எதுவும் வைக்காமல் வசூலித்துவிட்டுப் போயிருப்பார்கள். வரிசையில் நிற்பது உங்களைப் போல 60 நாள், 90 நாள் பொறுத்தவர்கள்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு, யார் கொடுத்தார்கள் என்பது. அந்த 1,050 கோடியை 2020 அக்டோபரில் வானத்திலிருந்து எடுக்கவில்லை. மற்ற அரசுத் துறைகளின் ஒதுக்கீட்டில் கை வைத்து எடுத்தார்கள். வெட்டு விழுந்த இடங்களில் காவல்துறையும் உயர்கல்வியும் இருந்தன. மகள் படிக்கும் யுனிவர்சிட்டிக்குப் போக வேண்டிய பணத்தில் ஒரு துளி, ஒரு விமான வாடகைக்காரருக்குப் போயிருக்கும். ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதால் யாரும் தெருவில் இறங்குவதில்லை. வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர், தொகையோ பெரியது, அதனால் அவர்கள் வக்கீலோடு வந்து உட்காருகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் கூட்டங்களுக்கு நான் போயிருக்கிறேன். வங்கிகளின் வக்கீல்கள் முன்வரிசையில் பெயர்ப் பலகையோடு இருப்பார்கள், பின்னால் பிளாஸ்டிக் ஃபைலில் இன்வாய்ஸ்களை வைத்துக்கொண்டு பெயின்ட் சப்ளை செய்தவரும் கேட்டரிங் அம்மாவும் இருப்பார்கள். ஓட்டு தலைக்கு ஒன்று அல்ல, பாக்கித் தொகையைப் பொறுத்தது. திட்டம் நிறைவேற, போடப்பட்ட ஓட்டில் மதிப்புக் கணக்கில் 75 சதவீதம் வேண்டும். 4 லட்சம் ரேண்டின் ஓட்டு அந்த அறையில் யார் காதிலும் விழாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'விழுகிற நிறுவனத்தை விழ விட்டுவிட வேண்டியதுதானே' என்று கேட்பீர்கள். அதையும் இதே நாட்டில் பார்த்தோம். குலுலா விமானங்களை ஓட்டிய காமேர் தனியார் நிறுவனம். அரசு அதற்கு முட்டுக் கொடுக்கவில்லை. 2022 ஜூனில் மூடியே விட்டார்கள். உள்நாட்டு விமான இருக்கைகளில் பெரும் பங்கு ஒரே வாரத்தில் காணாமல் போய், டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் டிக்கெட் விலை எகிறியது. அங்கே வேலை செய்தவர்களுக்கும் சரக்குக் கொடுத்தவர்களுக்கும் அது நல்ல முடிவு இல்லை. அரசுப் பணத்தில் ஓடும் போட்டியாளரோடு எப்படிப் போட்டி போடுவது என்று காமேர் பல வருடம் முறையிட்டதும் நியாயமான முறையீடுதான். அரசு ஒருவருக்குக் கை கொடுக்கும்போது பக்கத்தில் சொந்தக் காலில் நிற்பவர் தள்ளாடுகிறார் என்பதைப் பலரும் பேசுவதில்லை.

எஸ்காமை விழ விடுவது பற்றி யாரும் பேசக்கூட முடியாது, விளக்கு எரிய வேண்டும். 2023 பிப்ரவரியில் அதன் கடனில் 25,400 கோடி ரேண்டைக் கருவூலம் ஏற்பதாக அறிவித்தபோது நானும் வேறு வழியில்லை என்றுதான் நினைத்தேன். கேள்வி காப்பாற்றலாமா வேண்டாமா என்பதே இல்லை. காப்பாற்றும்போது யாரை நஷ்டப்பட வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

அதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் ஆப்பிரிக்கன் பேங்க் முழுகும் நிலைக்கு வந்தது. ஈடில்லாமல் ஏழைகளுக்குக் கண்டபடி கடன் கொடுத்த வங்கி. ரிசர்வ் வங்கி தலையிட்டது. வாராக்கடன் மூட்டையைத் தனியே பிரித்து 700 கோடி ரேண்டுக்கு எடுத்துக்கொண்டது. நல்ல பகுதிக்கு முதல் போட மற்ற பெரிய வங்கிகளையும், அரசு ஊழியர் பணத்தை முதலீடு செய்யும் பிஐசியையும் சேர்த்து 1,000 கோடிக்குப் பொறுப்பேற்க வைத்தது. டெபாசிட் போட்டிருந்த சாதாரண மக்களின் பணம் பத்திரமாக இருந்தது. ஆனால் பங்குதாரர்களின் முதல் கரைந்தது. பத்திரம் வாங்கிப் பெரிய தொகை கடன் கொடுத்திருந்தவர்களும் 10 சதவீதத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. வங்கி 2016 ஏப்ரலில் புதிதாகத் திறந்தது.

கடன் கொடுத்த பெரியவர்களையும் கொஞ்சம் சுட வைத்தார்களே, அதற்கு ஒரு விலையும் இருந்தது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடன் தரத்தை மதிப்பிடும் மூடிஸ் நிறுவனம் உடனே நம் நாலு பெரிய வங்கிகளின் மதிப்பீட்டையும் ஒரு படி இறக்கியது. 'இந்த நாட்டில் கடன் கொடுத்தவரை அரசு கைவிடக்கூடும்' என்பது அவர்கள் கணக்கு. அப்படி மதிப்பீடு இறங்கினால் எல்லோருக்கும் வட்டி கொஞ்சம் ஏறும். இருந்தாலும் நான் அந்த வழியைத்தான் ஆதரிப்பேன். கடன் கொடுத்தவர் பயப்பட வேண்டும். பயம் இருந்தால்தான் பத்தாவது வருட நஷ்டத்துக்கு முன்னாலேயே, மூன்றாவது வருடத்திலேயே யாராவது ஒரு வங்கி மேலாளர் 'இனி முடியாது' என்று சொல்வார்.

வெளிநாட்டிலும் இதே வரிசைதான். 2008-இல் அமெரிக்க அரசு ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனத்தைக் காப்பாற்றியது. அந்தப் பணத்தில் 1,290 கோடி டாலர் கோல்ட்மேன் சாக்ஸுக்கும், ஆயிரம் கோடிக்கு மேல் பிரான்ஸின் சொசியேத்தே ஜெனரலுக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த மார்ச்சில்தான் அது யார் யாருக்குப் போனது என்ற பட்டியலே வெளியே வந்தது. ஆனால் அதே அமெரிக்கா, அதே 2009 மார்ச்சில், வேறொன்றும் செய்தது. கார் கம்பெனிகளான ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் சாய்ந்தபோது, அவற்றுக்கு உதிரிபாகம் கொடுக்கும் சப்ளையர்களின் பாக்கிக்கே உத்தரவாதமாக 500 கோடி டாலர் வரை ஒதுக்கியது. எந்த சப்ளையர் சேரலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் கார் கம்பெனிகளிடம் இருந்ததால் சின்னவர்களுக்கு அது எட்டியிருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனாலும் சப்ளையர் பெயரிலும் அரசு உத்தரவாதம் எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி. நம் நாடாளுமன்றத்தில் அடுத்த தடவை ஒரு நிறுவனத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, 'சின்ன சப்ளையர்களின் முதல் 5 லட்சம் ரேண்ட் பாக்கியை முழுசாகக் கொடு' என்று ஒரு நிபந்தனை வைக்க யாராவது எழுந்து நின்றால், அந்த ஆயிரம் கோடிகளுக்கு முன்னால் அது ஒன்றும் பெரிய செலவில்லை. உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் எம்பியிடமும் கேட்க வேண்டியது இதைத்தான், நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி உங்கள் கைக்கு வரக்கூடிய பணம். இதைக் கவனமாகப் படியுங்கள்.

4 லட்சத்தில் 8 சென்ட் கணக்குப்படி 32,000 ரேண்ட் வரும். மீதி 3,68,000 வாராக்கடன். அந்த 4 லட்சம் வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்த இன்வாய்ஸ் தொகை என்றால், இன்வாய்ஸ் போட்ட காலத்துக்கான வாட் படிவத்திலேயே 15 சதவீத வாட்டை நீங்கள் கையிலிருந்து வரித்துறையான சார்ஸுக்குக் கட்டியிருப்பீர்கள். வாங்காத பணத்துக்குக் கட்டிய வரி அது. வாட் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அதைத் திரும்பக் கேட்க வழி விடுகிறது. 3,68,000-ஐ 115-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள், 48,000 ரேண்ட். அந்த நிறுவனம் தருவதைவிட சார்ஸிடமிருந்து வருவது அதிகம். இதைக் கேட்காமலேயே விட்டுவிடும் வியாபாரிகள் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் சும்மா கேட்டால் கிடைக்காது. உங்கள் கணக்குப் புத்தகத்தில் அந்தத் தொகையை வாராக்கடனாக எழுதித் தள்ளியிருக்க வேண்டும். அதன் மூல இன்வாய்ஸ்கள், எந்த வாட் 201 படிவத்தில் அந்த வரியைக் காட்டினீர்கள் என்ற விவரம், ரெஸ்க்யூ நிர்வாகி அனுப்பிய 8 சென்ட் கடிதம், இவை மூன்றும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். சார்ஸ் கட்டாயம் கேட்கும். நீங்கள் பணம் வந்த பிறகுதான் வாட் கட்டும் முறையில் பதிவு செய்திருந்தால் இது பொருந்தாது, அப்போது அந்த வரியை நீங்கள் கட்டியே இருக்க மாட்டீர்கள். வாட் போக மீதமுள்ள 3,20,000 ரேண்டை முன்பு வருமானமாகக் காட்டியிருந்தால், வருமான வரிச் சட்டத்தின் 11(i) பிரிவின்படி அதை இந்த ஆண்டு வருமானத்திலிருந்து கழிக்கலாம். உங்கள் கணக்கரிடம் இந்தப் பிரிவு எண்களையே சொல்லிக் கேளுங்கள்.

புது ஆர்டர் விஷயம். எடுக்கலாம், ஆனால் பழைய மாதிரி இல்லை. முதலில், நிறுவனம் ரெஸ்க்யூவிலிருந்து வெளியே வந்துவிட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். உள்ளே இருக்கும்போது கொடுக்கும் சரக்குக்கு முன்னுரிமை கிடைக்கும் என்று பர்சேஸ் அதிகாரி வாயால் சொல்வார். கடன் கொடுத்துப் பணமாக உதவியவருக்கு அந்த முன்னுரிமை தெளிவாக உண்டு. சாதாரணச் சரக்குப் பாக்கிக்கு அது அப்படியே வந்துவிடும் என்று நம்பி இறங்காதீர்கள்.

'பணம் முழுசாக வரும்வரை சரக்கு என்னுடையது' என்று இன்வாய்ஸில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்லக்கூடும். இரும்புக் கம்பி விற்பவருக்கு அது உதவும். உங்களுக்கு? சட்டைப் பையில் அந்த நிறுவனத்தின் முத்திரையை எம்பிராய்டரி போட்ட பிறகு, திரும்ப எடுத்துவந்து யாருக்கு விற்பீர்கள்? உங்கள் தொழிலில் அட்வான்ஸ்தான் ஒரே பாதுகாப்பு. துணி, நூல், பட்டன், எம்பிராய்டரி செலவு முழுவதும் ஆர்டரோடு முன்பணமாக வரவேண்டும். பாதியாவது வராமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். மீதியை டெலிவரியின்போது வாங்குங்கள். முழு ஆர்டரையும் ஒரே தடவையில் தைக்காமல் நாலு பகுதியாகப் பிரித்து, முதல் பகுதிக்குப் பணம் வந்த பிறகு இரண்டாவதைத் தொடங்குங்கள். 'எங்கள் பாலிசியில் அட்வான்ஸ் கிடையாது' என்று சொன்னால், ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எத்தனை பெரிய பெயர் என்பதைப் பார்க்க வேண்டாம். உங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடம் போக விடாதீர்கள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், கோயில் விழாக்களுக்கான சேலை ஆர்டர், கிளினிக் கோட் என்று சின்னச் சின்னதாக நாலைந்து பேர் இருந்தால் ஒருவர் விழுந்தாலும் கூடம் நிற்கும்.

வங்கியில் உங்கள் கூடத்தின் பணம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. 2024 ஏப்ரலிலிருந்து டெபாசிட் காப்பீட்டுக் கழகம் இயங்குகிறது. வங்கி முழுகினால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 1 லட்சம் ரேண்ட் வரை அது கொடுக்கும். இது உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்ட உத்தரவாதம். 2018-இல் விபிஎஸ் வங்கி விழுந்தபோது மக்கள் கேட்டுக் கெஞ்சி வாங்கியதை இப்போது சட்டமாகவே போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் இருந்தால் இரண்டு வங்கியில் பிரித்து வையுங்கள்.

துணி வியாபாரியிடம் தலைமறைவாக இருக்காதீர்கள். அவரும் உங்களைப் போலவே ஒரு பெரிய பெயரை நம்பியவர்தான், நடுவில் நீங்கள் இருக்கிறீர்கள். 8 சென்ட் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு நேரில் போய், எந்தத் தேதியில் எவ்வளவு தருவீர்கள் என்று காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். நடக்கக்கூடிய தேதியாக எழுதுங்கள். சார்ஸிடமிருந்து 48,000 வந்ததும், ஏழு பெண்களில் யாருக்காவது சம்பள பாக்கி இருந்தால் முதலில் அதைக் கொடுத்துவிட்டு, மீதியை அன்றே துணிக்காரருக்கு அனுப்புங்கள். நிறுவனம் தரும் 32,000 தவணையில் வருவதால் அதை எந்த வாக்குறுதியிலும் சேர்க்க வேண்டாம். அடுத்த வாட் படிவத்துக்கு முன்னால் இன்வாய்ஸ் ஃபைலைத் தயார் செய்துவிடுங்கள். எந்த மாத இன்வாய்ஸ் எந்தப் படிவத்தில் போனது என்பதில் குழப்பம் இருந்தால் அந்தப் பக்கங்களை மட்டும் நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.